வெல்டிங் பட்டறையில் தாங்குகிற தோல் பூட்ஸ்: எதைப் பார்த்து வாங்குவது?

தீப்பொறி எழுதியது:

இரும்பு வேலைப் பட்டறையில் இருக்கிறேன். வெல்டிங், கிரைண்டிங், சில நாள் கேஸ் கட்டிங். பத்து மணி நேரம் சிமெண்ட் தரையில் நின்றபடியே வேலை. இரண்டு வருடத்தில் மூன்று ஜோடி பூட்ஸ் போய்விட்டது. மூன்றும் மூன்று விதமாகச் செத்தன.

முதல் ஜோடி பளபளவென்று கறுப்பு. நாலாவது மாதம், விரல் மடங்குகிற இடத்தில் சுவரில் பெயிண்ட் உரிவதுபோல மேல்பூச்சு உரிந்தது. உள்ளே சாம்பல் நிறத்தில் பஞ்சு மாதிரி என்னவோ தெரிந்தது. அடியில் 'ஜெனுயின் லெதர்' என்று முத்திரை வேறு. இரண்டாவது ஜோடியில் தோலுக்கு ஒன்றும் ஆகவில்லை, சோல்தான் முன்பக்கம் பல்லிளித்துவிட்டது. சொல்யூஷன் வாங்கி ஒட்டினேன், ஒரு வாரம் நின்றது. மறுபடி ஒட்டினேன், மூன்று நாள். மூன்றாவதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. நல்ல பூட்ஸாயிற்றே என்று பெட்டியைக்கூடப் பிரிக்காமல் நாலைந்து வருடம் வைத்திருந்தேன். எடுத்துப் போட்ட இரண்டாம் நாளே சோல் காய்ந்த மண்கட்டி மாதிரி உதிர்ந்து, நடந்த வழியெல்லாம் கறுப்புத் துகள்.

இந்தத் தடவை கொஞ்சம் கூடுதலாகச் செலவு செய்யத் தயார். ஆனால் எதற்குக் கூடுதலாகக் கொடுக்கிறேன் என்று தெரிந்து கொடுக்க வேண்டும். கடையில் நின்றுகொண்டு நானே எதைப் பார்க்கலாம்?

கால்நடையாக எழுதியது:

கையில் தூக்கிப் பாருங்கள். கனமாக இருந்தால் உழைக்கும், லேசாக இருந்தால் உழைக்காது. நான் இப்படித்தான் வாங்குகிறேன், இதுவரை மோசம் போனதில்லை.

குத்தூசி எழுதியது:

கனத்தை வைத்து மட்டும் வாங்காதீர்கள். கனமான சோலுக்கு மேலே வெறும் காகித அட்டை உட்கார்ந்திருப்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

நான் ஷூ தைக்கிறவன். 26 வருடம் ஆகிறது. கடையில் நீங்கள் பூட்ஸை வெளியே இருந்து பார்க்கிறீர்கள், என்னிடம் அது வயிறு கிழிந்து வருகிறது. அதனால் எனக்குத் தெரிந்ததெல்லாம் உட்புறம்தான். உங்கள் மூன்று ஜோடிக்கும் இங்கே உட்கார்ந்தபடியே பிரேதப் பரிசோதனை செய்துவிடலாம்.

முதலாவது. அது தோலே இல்லை என்று சொல்ல மாட்டேன். தோல்தான், ஆனால் அடித்தோல். மாட்டுத்தோல் அப்படியே பூட்ஸுக்கு ஆகாது, தடிமன் அதிகம். மெஷினில் கொடுத்துப் படுக்கைவாட்டில் பிளப்பார்கள். முடி இருந்த பக்கத்துத் துண்டு மேல்தோல். அதில் நார் நெருக்கமாகப் பின்னிக்கொண்டு கிடக்கும். சதைப் பக்கம் போகப் போகப் பின்னல் தளரும். அந்த அடித்துண்டின் மேல் பிளாஸ்டிக் பூச்சு ஏற்றி, தோலின் வரிகளை அச்சாக அழுத்திவிட்டால் கடை விளக்கு வெளிச்சத்தில் அதுவும் மேல்தோல் மாதிரியே மின்னும். நீங்கள் பார்த்த சாம்பல் பஞ்சு அதுதான். 'ஜெனுயின் லெதர்' என்ற முத்திரை, இது தோல் என்பதற்கு மட்டும் சாட்சி. எந்தத் தோல் என்று அது சொல்லவே சொல்லாது. அடித்தோலைக் கேவலமாகப் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். உங்கள் வெல்டிங் கையுறையும் ஏப்ரனும் பெரும்பாலும் அதே அடித்தோல்தான், அங்கே அது பொறியை நன்றாகத் தாங்குகிறது. மேல்தோல் வேஷம் போட்டுக்கொண்டு, தினமும் ஆயிரக்கணக்கான தடவை மடங்குகிற இடத்துக்கு வரும்போதுதான் வம்பு.

ஃபுல் கிரெய்ன் என்று கேட்டு வாங்குங்கள். மேல்தோலைத் தேய்க்காமல் அப்படியே விட்டது என்று பொருள். தேய்த்துச் சமமாக்கிப் பூச்சு போட்டதை கரெக்டட் கிரெய்ன் என்பார்கள். அது நடுத்தரம், தள்ளிவிட வேண்டியதில்லை. பாண்டட் லெதர் என்று எழுதியிருந்தால் மட்டும் அப்படியே கீழே வைத்துவிடுங்கள், தோல்தூளைப் பசையில் பிசைந்து தகடாக்கியது அது.

எழுத்தை நம்ப வேண்டாம் என்றால் மூன்று இடத்தைப் பாருங்கள். பக்கவாட்டில் கட்டைவிரலால் அழுத்துங்கள். நல்ல மேல்தோலில் விரலைச் சுற்றி மெல்லிய சுருக்கங்கள் ஓடும், எடுத்ததும் மறையும். பூச்சுத்தோல் ஒரே பள்ளமாக அமுங்கும், அல்லது அகலமாக ஒரு மடிப்பு விழும். அடுத்தது, பரப்பில் மயிர்க்கால் துளைகளைத் தேடுங்கள். ஓரிடத்தில் நெருக்கமாகவும் ஓரிடத்தில் கலைந்தும் இருந்தால் இயற்கை. கோலப்புள்ளி வைத்தது மாதிரி வரிசை பிசகாமல் இருந்தால் அச்சு. மூன்றாவதை யாரும் பார்ப்பதில்லை, எனக்கு அதுதான் முதல். நாக்கின் ஓரம். லேஸுக்கு அடியில் இருக்கும் நாக்கைப் பல பூட்ஸில் மடித்துத் தைக்காமல் வெட்டியபடியே விட்டிருப்பார்கள். அந்த வெட்டு முகத்தைக் கண்ணுக்கு நெருக்கமாக வைத்துப் பாருங்கள். மேலே தனிக்கோடாக ஒரு பிளாஸ்டிக் படலமும் கீழே பொசுபொசுவென்ற நாரும் தெரிந்தால், பூச்சுத்தோல் கையில் இருக்கிறது. ஆனால் சில கம்பெனிக்காரர்கள் உடம்புக்கு நல்ல தோல் போட்டு நாக்குக்கு மட்டும் மட்டமான துண்டைப் போடுவார்கள். நாக்கு தோற்றால் கண்ணிகள் தைத்திருக்கும் பட்டையின் ஓரத்தையும் ஒரு தடவை பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். வேலை பூட்ஸுக்கு 2 மில்லிமீட்டரை ஒட்டிய தடிமன் போதும். முகர்ந்து பார்ப்பது வீண், தோல் வாசனையையும் தெளித்து வைக்க முடியும். தீக்குச்சி வைத்துப் பார்ப்பவர்களைக் கடைக்காரர் என்ன செய்கிறாரோ, எனக்குத் தெரியாது.

இரண்டாவது, பல்லிளித்தது. அது வெறும் பசையில் நின்ற சோல். நடக்கும்போது ஒவ்வொரு அடியும் முன்பாதத்தில் அந்தப் பசையைப் பிரித்து இழுக்கிறது. உள்ளே வியர்வை, வெளியே சூடான இரும்பு. நீங்கள் ஒட்டியது நிற்காததற்குக் காரணம் சொல்யூஷன் இல்லை. பழைய பசைக்கு மேலே புதுப் பசை பூசியிருப்பீர்கள். பழையதைச் சுரண்டி எடுத்து, இரண்டு பக்கமும் சொரசொரப்பாக உரசி, இரண்டு பக்கமும் பூசி, தொட்டால் விரலில் ஒட்டாத அளவுக்குக் காயவிட்டு, அப்புறம்தான் சேர்த்து அழுத்த வேண்டும். அவசரப்பட்டு ஈரத்தோடு சேர்ப்பதுதான் வீட்டில் எல்லாரும் செய்வது.

நீங்கள் தேட வேண்டியது வெல்ட் பூட்ஸ். சிரிக்காதீர்கள், இது உங்கள் வெல்டிங் இல்லை. பூட்ஸின் விளிம்பைச் சுற்றி ஓடும் தோல் பட்டைக்கு வெல்ட் என்று பெயர். முதலில் அந்தப் பட்டை, மேல்தோல், கால் அமரும் உள்சோல் மூன்றும் சேர்ந்து ஒரு தையல். பிறகு அதே பட்டையோடு வெளிச்சோல் இரண்டாவது தையல். சோல் தேய்ந்தால் இரண்டாவது தையலை மட்டும் அறுத்து, பழையதை எடுத்துவிட்டுப் புதிதாக வைத்துவிடலாம். பூட்ஸின் உடம்பில் கைவைக்கத் தேவையில்லை. கையால் செய்துவந்த வேலையை 1870-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மெஷினுக்குக் கொண்டுவந்ததில் சார்லஸ் குட்இயர் ஜூனியருக்குப் பங்கு உண்டு. அதனால்தான் 'குட்இயர் வெல்ட்' என்கிறார்கள். ரப்பரை வல்கனைஸ் செய்த குட்இயரின் மகன் இவர். அப்பா ரப்பரைக் கொடுத்தார், மகன் அதைப் பூட்ஸில் தைக்க வழி செய்தார் என்று நான் விளையாட்டாகச் சொல்வதுண்டு.

போலி வெல்ட்டும் உண்டு. ஓரத்தில் தையல் போட்ட பட்டையைச் சும்மா ஒட்டிவைப்பார்கள், சிலதில் தையலே ரப்பரில் வார்த்த அச்சாக இருக்கும். நூலின் மேல் நகத்தை ஓட்டுங்கள். நிஜத் தையலில் நூல் ஒவ்வொரு துளையிலும் இறங்கும், அந்த இடத்தில் பட்டை லேசாக அமுங்கியிருக்கும். சோலைக் கவிழ்த்தும் தையலைத் தேடலாம். அங்கே இல்லையென்றால் உடனே போலி என்று முடிவுகட்ட வேண்டாம். வேலை பூட்ஸில் நடுவில் ஒரு சோலைத் தைத்து, அதன் அடியில் பள்ளம் போட்ட ரப்பர் சோலை ஒட்டுவது வழக்கம். அப்படியென்றால் பக்கவாட்டில் இரண்டு அடுக்கு தனித்தனியாகத் தெரியும்.

மூன்றாவது பூட்ஸை யாரும் கொல்லவில்லை, பெட்டியிலேயே தானாகச் செத்தது. பாலியூரித்தேன் சோல், பியு என்பார்கள். காற்றிலுள்ள ஈரம் அதன் கட்டமைப்பை மெல்ல அறுத்துக்கொண்டே இருக்கும், போட்டாலும் போடாவிட்டாலும். பியு பூட்ஸை வாங்கினால் போட்டுத் தேய்த்துவிட வேண்டும். பத்திரப்படுத்துகிற சாமான் இல்லை அது.

தீப்பொறி எழுதியது:

அண்ணா, 'வெல்ட்' என்றதும் நிஜமாகவே சிரித்துவிட்டேன். நேற்று கடைக்குப் போய் நாக்கு ஓரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். விற்பனைப் பையன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். நாலு ஜோடியில் மூன்றில் அந்தப் பிளாஸ்டிக் கோடு தெரிந்தது. நாலாவது நன்றாக இருந்தது, சோல் தையலும் நகத்துக்குத் தட்டியது. ஆனால் அதில் விரல்களைக் காக்க முன்பக்கம் வைக்கிற இரும்புத் தொப்பி கிடையாது. எங்கள் பட்டறையில் கட்டாயம் என்று யாரும் சொல்லவில்லை. தேவையா? அப்புறம் சைஸ். எனக்கு இடது கால் கொஞ்சம் பெரிது, ஒவ்வொரு புது பூட்ஸும் சுண்டுவிரலைக் கடித்துக் கொப்புளம் போட்டுவிடுகிறது.

மஞ்சள்தொப்பி எழுதியது:

வேலைத்தளப் பாதுகாப்பு என் பொறுப்பு, அதனால் இரும்புத் தொப்பிக்கு நான் பதில் சொல்கிறேன். யாரும் சொல்லாவிட்டாலும் போடுங்கள் தம்பி. ஆங்கிள், பிளேட், சேனல் எல்லாம் கைமாறும் இடம் உங்களுடையது. ஐஎஸ்ஓ 20345 என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். அந்தத் தரத்தில் விரல் தொப்பி 200 ஜூல் அடியைத் தாங்க வேண்டும். ஏறக்குறைய 20 கிலோ எடை 1 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிற அடி. நசுக்கும் பாரம் 15 கிலோநியூட்டன். 20347 என்றிருந்தால் அதற்கு விரல் தொப்பி அவசியமில்லை. ஒரு எண்தான் வித்தியாசம், கவனமாகப் படியுங்கள்.

அதன் பக்கத்தில் இருக்கும் எழுத்துகளில் உங்களுக்கு எஸ்3 பொருந்தும். மேல்புறம் தண்ணீரை எளிதில் விடாது, ஆணி குத்தாத தகடு உள்ளே உண்டு, சோலில் பிடிப்புப் பள்ளங்கள் இருக்கும். கூடவே எச்ஆர்ஓ என்ற எழுத்து இருக்கிறதா பாருங்கள். வெளிச்சோலை 300 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஒரு நிமிடம் வைத்தாலும் உருகக்கூடாது என்ற சோதனை அது. கேஸ் கட்டிங் செய்கிறவர் சாதா பியு சோலோடு சூடான துண்டை மிதித்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. நைட்ரைல் ரப்பர் சோல் கேளுங்கள், எண்ணெய்க்கும் அது நல்லது.

ஒரு தடவை பலமாக அடிபட்ட தொப்பியை மறுபடி நம்பாதீர்கள். வெளியே நெளிவு தெரியாவிட்டாலும் அந்த ஜோடி ஓய்வுபெற வேண்டியதுதான்.

குத்தூசி அண்ணாவிடம் ஒரு சின்னச் சண்டை. எல்லாருக்கும் வெல்ட் பூட்ஸ் என்று சொல்லாதீர்கள். எங்கள் ஆட்களில் பாதிப்பேர் ஈரக் கான்கிரீட்டில் நிற்கிறார்கள். ஈர சிமெண்ட் கடும் காரம், தோல் பதனிட்டபின் இலேசான அமிலத்தன்மையோடு இருக்கும் பொருள். எவ்வளவு நல்ல மேல்தோலும் சில மாதத்தில் விறைத்து வெடிக்கிறது. அவர்களுக்கு முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ்தான் சரி. சோல் மாற்றலாம் என்று நீங்கள் சொல்வீர்கள், ஆனால் மேலே தோல் செத்த பிறகு எதற்கு சோல் மாற்றுவது?

குத்தூசி எழுதியது:

சரி, ஒப்புக்கொள்கிறேன். சிமெண்ட் தின்ற தோலை நானும் தைத்துப் பார்த்திருக்கிறேன். ஊசி போட்ட துளையிலிருந்தே கிழியும். ஈரக் கான்கிரீட்டுக்குத் தோல் வேண்டாம். தம்பி நிற்பது காய்ந்த பட்டறையில், அதனால் சொன்னேன். எஸ்3 தரத்திலேயே தைத்த சோலும் கிடைக்கிறது, ஆனால் தேடணும். கடையில் கண்ணில் படுவதில் பெரும்பாலானவை அச்சில் பியுவை நேரடியாக ஊற்றி வார்த்தவை. பல்லிளிக்காது, லேசாக இருக்கும், ஆனால் தேய்ந்தால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது. தைக்க ஓரமே இருக்காது.

வெல்டருக்கு இன்னும் இரண்டு விஷயம். பொறி விழுவது பெரும்பாலும் லேஸிலும் நாக்கிலும்தான். நைலான், பாலியெஸ்டர் லேஸ் உருகிக் கட்டியாகிவிடும், அவசரத்துக்கு அவிழ்க்க முடியாது. தையல் நூலும் அதே ஜாதியென்றால் தோல் நன்றாக இருக்கும்போதே பூட்ஸ் பிரியும். கெவ்லார் என்று சூட்டில் உருகாத நூல் உண்டு, அதில் தைத்தது கிடைத்தால் விடாதீர்கள். லேஸை மூடும் தோல் மடல் இருந்தால் இன்னும் நல்லது. நாக்கு இரண்டு பக்கமும் உடம்போடு சேர்த்துத் தைத்ததாக இருக்கட்டும், கிரைண்டிங் தூள் உள்ளே போகாது. பேண்ட்டை பூட்ஸுக்கு வெளியே விடுங்கள். உள்ளே சொருகினால் பொறி நேராகக் கணுக்காலுக்குப் போகிறது.

சைஸ். சாயங்காலம் போய்ப் பாருங்கள், நாள் முழுக்க நின்ற கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். வேலைக்குப் போடுகிற தடிமனான சாக்ஸையே போட்டுக்கொண்டு போங்கள். பெரிய காலுக்குத்தான் சைஸ், உங்களுக்கு இடது. சின்னக் காலுக்கு உள்ளே ஒரு மெல்லிய அட்டை போட்டுச் சரிசெய்துகொள்ளலாம். ஆனால் நீளத்தை மட்டும் பார்க்காதீர்கள். கட்டைவிரல் பாதத்தோடு சேரும் மூட்டு இருக்கிறதே, பூட்ஸ் மடங்குகிற இடமும் அந்த மூட்டும் ஒரே கோட்டில் விழ வேண்டும். விழாவிட்டால் மடிப்பு விரல் மேல் வந்து உட்காரும், தோலும் தப்பான இடத்தில் மடங்கிச் சீக்கிரம் வெடிக்கும். சுண்டுவிரல் கடிப்பது அகலக் குறைவு. அதற்கு நீளத்தில் ஒரு நம்பர் கூட்டி வாங்குவதுதான் எல்லாரும் செய்கிற தப்பு. அப்போது குதிகால் மேலும் கீழும் வழுக்கும், கொப்புளம் சுண்டுவிரலில் இருந்து குதிகாலுக்கு மாறும், அவ்வளவுதான். அகலமான அச்சில் செய்ததா என்று கேளுங்கள். இரும்புத் தொப்பி வைத்ததில் இன்னும் கவனம் வேண்டும். தோல் போகப் போகக் காலுக்கு இடம் கொடுக்கும், இரும்பு கொடுக்காது. கடையில் இடித்தால் என்றைக்கும் இடிக்கும். வாங்குவதற்கு முன் குந்தி உட்கார்ந்து பாருங்கள். வெல்டர் நிற்பதைவிடக் குந்துவது அதிகம் இல்லையா?

பராமரிப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் செய்வதைவிடச் செய்யாமல் இருப்பதுதான் முக்கியம். நனைந்த பூட்ஸை அடுப்பு, ஹீட்டர், வெல்டிங் செய்த சூடான பிளேட் பக்கத்தில் வைக்கக்கூடாது. உள்ளே செய்தித்தாளைத் திணித்து நிழலில் வையுங்கள், தாள் ஊறியதும் மாற்றுங்கள். எண்ணெயை ஊற்றிக் குளிப்பாட்டாதீர்கள். ஒருவர் வாராவாரம் எண்ணெய் போட்டே பூட்ஸை என்னிடம் கொண்டுவந்தார். தோல் துணி மாதிரி தொளதொளவென்று ஆகியிருந்தது, எந்தப் பசையும் பிடிக்கவில்லை. துடைத்து, தோல் வறண்டு வெளிறித் தெரியும்போது மட்டும் மெல்லியதாக ஒரு பூச்சு போதும். முடிந்தால் இரண்டு ஜோடி வைத்துக்கொண்டு ஒருநாள் விட்டு ஒருநாள் போடுங்கள். இன்று குடித்த வியர்வையை வெளியே விடத் தோலுக்கு ஒரு நாளாவது வேண்டும்.

பல்லிளித்த அந்த இரண்டாவது ஜோடியைத் தூக்கிப் போட்டுவிட்டீர்களா? இருந்தால் கத்தியால் உள்சோலைப் பிளந்து பாருங்கள். கடையில் பார்க்க முடியாததை அதில் பார்க்கலாம்.

தீப்பொறி எழுதியது:

அண்ணா, பிளந்தேன். மேலே மெத்தென்று நுரை. அதை உரித்தால் பழுப்பு நிறத்தில் உள்சோல், தோல் என்றுதான் நினைத்தேன். கத்தி போனதும் அடுக்கடுக்காகப் பிரிந்தது, ஈரத்தில் ஊறிய நோட்டு அட்டை மாதிரி. குதிகால் பக்கத்தையும் அறுத்தேன், அங்கேயும் அட்டைதான். முன்பக்கம் எங்கேயுமே ஒரு தையல் இல்லை. இதை நான் இரண்டு தடவை ஒட்டியிருக்கிறேன்!

மஞ்சள்தொப்பி அக்கா சொன்ன எழுத்துகளைக் குறித்துக்கொண்டு நாளைச் சாயங்காலம் வேறொரு கடைக்குப் போகிறேன், வேலை சாக்ஸோடு. இன்னொன்று. பரண் மேல் அப்பாவின் பழைய பூட்ஸ் கிடைத்தது. அவர் ஃபிட்டராக இருந்தபோது போட்டது. தோல் விறைத்திருக்கிறது, ஆனால் எங்கேயும் வெடிப்பு இல்லை. குதிகால் ஒருபக்கம் முழுக்கத் தேய்ந்திருக்கிறது. விளிம்பில் பட்டை ஓடுகிறது, நகத்தை ஓட்டினால் துளைத் துளையாகத் தட்டுகிறது. இடது காலுக்கும் சரியாக இருக்கிறது. பட்டறைக்கு இல்லை, வெளியே போகும்போது போடலாமே என்று. சோல் மாற்ற முடியுமா?

குத்தூசி எழுதியது:

முதலில் ஈரத்துணியால் துடைத்து நிழலில் காயவைத்து, தோலை இளக்கும் லெதர் கண்டிஷனரை மெல்லியதாக ஒருமுறை போடுங்கள். ஒரு வாரம் கழித்து மறுபடியும் மெல்லியதாக. அதற்குள் வளைத்துப் பார்க்காதீர்கள், விறைத்த தோல் அப்போதுதான் வெடிக்கும். அப்புறம் படம் எடுத்துப் போடுங்கள். மேலிருந்து எடுத்தால் எனக்கு ஒன்றும் தெரியாது, தரையோடு தரையாக வைத்துப் பக்கவாட்டில். குதிகாலுக்கும் சோலுக்கும் நடுவில் பட்டை முடிகிற இடம் தெரிய வேண்டும்.